பத்தாயிரம் வயது எல்ஃபை ஏன் யாரும் இரண்டாம் முறை தேடி வருவதில்லை?

கேள்வி இது: "வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டில், பாத்திரமாகவே மாறிப் பேசிப் பழகும் ரோல்பிளே சர்வரில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. என் பாத்திரம் நைட் எல்ஃப் என்ற நெடுநாள் வாழும் வன இனத்து வில்லாளி. வயது பத்தாயிரம். குடும்பம் முழுக்கக் கொல்லப்பட்டு, உடம்பில் டிராகன் ரத்தம் கலந்து, யாரையும் நம்பாமல் தனியாகத் திரிபவள். மூன்று பக்கத்துக்குப் பின்கதை எழுதி வைத்திருக்கிறேன். விடுதியில் உட்கார்ந்தால் ஒருவர் இருவர் வந்து பேசுகிறார்கள்; மறுநாள் யாரும் தேடி வருவதில்லை. என் இங்கிலீஷ்தான் காரணமா? பாத்திரம் நம்பும்படியாக இருக்க என்ன செய்ய வேண்டும்?"

முதலில் அந்த இங்கிலீஷ் கவலையை இறக்கி வைத்துவிடுவோம். நான் விளையாடுவது ஆர்ஜென்ட் டான் என்ற ஐரோப்பிய சர்வரில். அங்கே எத்தனையோ பேருக்கு இங்கிலீஷ் தாய்மொழி கிடையாது. வரிக்கு வரி இலக்கணம் தடுக்கும் சிலருடைய பாத்திரத்தைப் பார்ப்பதற்காகவே வேலை முடிந்து ஓடிவந்து லாகின் செய்திருக்கிறேன். மிக அழகான இங்கிலீஷில் எழுதும் சிலரைக் கண்டதும் எழுந்து அடுத்த மேசைக்குப் போயும் இருக்கிறேன். அப்படியும் உறுத்துகிறது என்றால் அடுத்த பாத்திரத்தை ட்ரேனாயாக எடுங்கள். எக்சோடார் என்ற கப்பல் உடைந்து விழுந்து, விளையாட்டு நடக்கும் உலகமான அசெராத்துக்கு வந்து சேர்ந்த இனம் அது. 2007 ஜனவரியில் வந்த விரிவாக்கத்தில்தான் விளையாட்டுக்குள் நுழைந்தது. மனிதர்களின் பொதுமொழி அவர்களுக்கு இரண்டாம் மொழி. ஒரு ட்ரேனாய் சொல்லைத் தேடித் திணறினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

உங்கள் சிக்கல் நீங்களே எழுதிய ஒரு சொற்றொடரில் இருக்கிறது: "யாரையும் நம்பாமல் தனியாகத் திரிபவள்." சரி, அவளுக்கு யாரிடமிருந்தும் எதுவும் வேண்டாம். அப்படியானால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அங்கே என்ன வேலை? அவர் இரண்டு கேள்வி கேட்பார், நீங்கள் இரண்டு மர்மமான பதில் சொல்வீர்கள், அவர் "பிறகு பார்ப்போம்" என்று நழுவிவிடுவார். பின்கதை முழுவதையும் நீங்களே எழுதி முடித்துவிட்டீர்கள். வந்தவர் கை வைக்க அதில் ஓர் இடமும் இல்லை.

குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. என் முதல் பாத்திரமும் இதே ரகம். ஒரு வீரன், கறுப்புக் கவசம், ஒரு கண்ணில் வெட்டுக்காயம், சபிக்கப்பட்ட வாள். அந்த வாளுக்குத் தனியாக ஒரு வரலாறு வேறு! ஆறு வாரம் விடுதித் தூணில் சாய்ந்து நின்றேன். நின்றேன் என்பதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. இந்த வகைப் பாத்திரத்துக்கு ரசிகர் உலகில் பழைய பெயர் ஒன்று உண்டு: மேரி சூ. 1973-இல் ஸ்டார் டிரெக் ரசிகர் இதழ் ஒன்றில் பாலா ஸ்மித் என்பவர் கேலியாக எழுதிய குட்டிக்கதையின் நாயகி பெயர் அது. பதினைந்தரை வயதிலேயே லெஃப்டினன்ட், எல்லாம் தெரிந்தவள். ஐம்பது வருடமாகியும் அவள் ஒவ்வொரு விடுதியிலும் ஏதாவது ஒரு தூணில் சாய்ந்து நிற்கிறாள்.

கூடுவிட்டுக் கூடு பாய்வது என்று நாம் சொல்கிறோம் இல்லையா, ரோல்பிளேயில் அதைத்தான் செய்யப் பார்க்கிறோம். ஆனால் பாய்வதற்கு ஒரு கூடு வேண்டும். பசியும் முதுகுவலியும் கடனும் உள்ள உடம்பு. என் இரண்டாவது பாத்திரத்தில்தான் எனக்கு இது உறைத்தது. அவள் ஒரு கொத்தனார். அவளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்; நீங்கள் கேட்டதற்கான பதிலில் பாதி அதிலேயே வந்துவிடும்.

விளையாட்டில் மனிதர்களின் தலைநகரமான ஸ்டார்ம்விண்டின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் போரில் ஓர்க் என்ற முரட்டு இனத்தார் அதை அழித்தார்கள். இரண்டாம் போருக்குப் பிறகு எட்வின் வான்கிளீஃப் தலைமையில் கொத்தனார்கள் அதைத் திரும்பக் கட்டிக்கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் பிரபுக்கள் கூலி தர மறுத்தார்கள். கலவரம் வெடித்தது; எவனோ எறிந்த கல் பட்டு ராணி டிஃபின் இறந்தாள். வான்கிளீஃபின் ஆட்கள் வெஸ்ட்ஃபால் பக்கம் ஓடி, முகத்தில் சிவப்புத் துணி கட்டிய டிஃபியாஸ் கூட்டமானார்கள். நாம் தொடக்க நிலைகளில் போய் வெட்டித் தள்ளும் அந்தக் கொள்ளைக்காரர்கள் கூலி கிடைக்காத கொத்தனார்கள். இந்த விளையாட்டின் மொத்த லோரிலும், அதாவது பின்னணிக் கதையிலும், டிராகன்களையும் பேய்களையும்விட எனக்கு நெருக்கமாக இருப்பது இந்தச் சம்பளப் பாக்கிதான்.

அதனால் ஒரு கொத்தனாரின் மகளை உருவாக்கினேன். அப்பா டிஃபியாஸோடு போகவில்லை. நகரத்திலேயே தங்கிக் கூலிக்காக அலைந்து செத்தார். மகளுக்கும் அதே தொழில். பின்கதை அவ்வளவுதான், நான்கே வரி. அவளுக்கு எப்போதும் வேலை வேண்டும், காசு வேண்டும். ஆனால் நகரத்துக்காரர்களிடம் கை நீட்டக் கூசும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் இருந்தாள்.

முதல் நாள் பழைய நகரப் பகுதியில் உள்ள பிக் அண்ட் விசில் விடுதிக்குள் நுழைந்தபோது டைப் செய்ததைத் தமிழில் தருகிறேன். உடுக்குறிக்குள் இருப்பவை எமோட், அதாவது பாத்திரத்தின் செயலைச் சொல்லும் வரிகள்.

*வாசலில் நின்று செருப்பில் ஒட்டிய சுண்ணாம்பைப் படியில் தேய்த்துவிட்டு உள்ளே வருகிறாள். சுவரோர பெஞ்சில் உட்காருமுன் சுவரை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிக் காது கொடுக்கிறாள்.*

பக்கத்து மேசையில் ஓய்வுபெற்ற காவலர் ஒருவர். அதை விளையாடுபவர் யாரென்று எனக்குத் தெரியாது.

"என்னம்மா, இடிஞ்சு விழுமா?"

"விழாது. இந்தப் பக்கம் எங்கப்பா வெச்ச கல்லு."

*கோப்பையைக் கீழே வைக்கிறார்.* "அப்படியா? நல்ல வேலைப்பாடு. கூலியும் நல்லா கொடுத்திருப்பாங்க."

*பதில் சொல்லாமல் மேசையில் சிந்தியிருந்த பீரை உள்ளங்கையால் ஓரத்துக்கு வழித்துவிடுகிறாள்.* "உங்க வீட்ல மழைக்கு ஒழுகுதா ஐயா?"

ஒழுகியது! மறுநாள் அவருடைய கூரையைப் பார்க்கப் போனேன். கூலி பேசினோம்; அவர் குறைத்துக் கேட்டார், நான் எழுந்து வந்தேன், பின்னாலேயே கூப்பிட்டார். இப்படி ஐந்து மாதம் ஓடியது. பல வாரம் கழித்து ஒரு ராத்திரி, கூலிக் கலவரம் நடந்த அன்று தானும் காவல் பணியில் இருந்ததாக அவருடைய பாத்திரம் சொன்னது. அதை அவர் முன்கூட்டித் திட்டமிட்டிருந்தாரா, அந்த இரவில்தான் தோன்றியதா என்று நான் கேட்கவில்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்து எனக்குக் கை நடுங்கியது மட்டும் உண்மை.

அந்த முதல் காட்சியைத் திரும்பப் பாருங்கள். என்னைப் பற்றிய தகவல் என்று ஒன்றையும் நான் அறிவிக்கவில்லை. சுவரைத் தட்டினேன், அவ்வளவுதான். அது அவருக்கு ஒரு கேள்வியைக் கொடுத்தது. கூலி பற்றிய பேச்சுக்கு அவள் வாய் திறக்கவில்லை. அங்கே ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது, ஆனால் என்னவென்று நான் சொல்லவில்லை. கடைசியாக அவரிடமிருந்து எனக்கு ஒன்று வேண்டியிருந்தது. கூரை ஒழுகாத வீடு என்று அவர் சொல்லியிருந்தால் என் பாடு திண்டாட்டம்தான். அப்போதும் அவள் வேறு யாரிடமாவது போய்க் கேட்டிருப்பாள்.

எமோட் எழுதுவது பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பழக்கம் படம் இல்லாத காலத்திலிருந்து வருகிறது. 1978-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய 'மட்' விளையாட்டில் எல்லாமே எழுத்துதான். அறை, பேய், நீங்கள், உங்கள் செயல், எல்லாம் வரிகளாகவே வரும். இன்று முப்பரிமாண உருவம் கண் முன்னால் நிற்கிறது. அப்படியிருந்தும் அந்த உருவத்தால் சுவரைத் தட்டிக் காது கொடுக்க முடியாது. அதைச் சொல்ல வரிதான் வேண்டும். வார்கிராஃப்டில் ஒரு செய்திக்கு 255 எழுத்து. நீளமான எமோட்டைத் துண்டு துண்டாக அனுப்ப ஆட்-ஆன்கள், அதாவது விளையாட்டோடு சேர்த்துக்கொள்ளும் துணைச் செயலிகள் உண்டு; என்னைக் கேட்டால் தொடக்கத்தில் அவற்றை நிறுவாதீர்கள். 255 எழுத்துக்குள் ஒரு செயலும் ஒரு பேச்சும் அடங்கும். அதற்கு மேல் எழுதினால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், அவர்கள் சொல்ல வந்தது ஆறிப்போகும்.

எமோட்டில் எழுத வேண்டியது மற்றவர் கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் எட்டுவது. "அவள் உள்ளத்தில் பழைய நினைவுகள் புயலாக எழுந்தன" என்றால் எதிரே இருப்பவர் அதற்கு என்ன செய்வார்? அவருடைய பாத்திரத்துக்கு உங்கள் உள்ளம் தெரியாது. அந்தப் புயலைக் கைக்குக் கொண்டுவாருங்கள்: ஸ்பூனைத் தட்டில் வைக்கிறாள், திரும்ப எடுக்கிறாள், சாப்பிடாமல் வைக்கிறாள். இதற்கு அவர் "ஏன் சாப்பிடலை?" என்று கேட்க முடியும்.

அப்புறம், வினைச்சொல். "அவன் தோளை வெட்டுகிறாள்" என்று எழுதினால் அவனுடைய தோளைப் பற்றி நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். இதைத்தான் காட்மாட் என்பார்கள். "தோளைக் குறிவைத்து வாளை வீசுகிறாள்" என்று நிறுத்தினால் பட்டதா விலகினானா என்பது அவர் கையில். சண்டைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். "அவளைக் கண்டதும் விடுதியே அமைதியானது" என்பதும் அதே குற்றம். விடுதியில் இருபது பேர் இருக்கிறார்கள். அவர்கள் அமைதியாக வேண்டுமா என்று நீங்கள் ஒருவர் முடிவு செய்ய முடியாது. சிலர் சண்டையை ரோல் கட்டளைக்கு விட்டுவிடுவார்கள். 1 முதல் 100 வரை எண் விழும், பெரிய எண் ஜெயிக்கும். புதியவர்களுக்கு அது நல்லது, தோற்பதற்குப் பழக்கும். நான் பார்த்தவரை ஒரு பாத்திரத்தை மற்றவர்கள் நம்பத் தொடங்குவது அது முதல்முறை தோற்று, மறுநாள் கையில் கட்டோடு வரும்போதுதான். கட்டோடு வராமல் புத்தம் புதிதாக வந்து நின்றால் நேற்றுச் செலவழித்த இரண்டு மணி நேரம் வீண் என்று எதிராளிக்குத் தோன்றிவிடும்.

இனி, பாத்திரத்துக்கு என்ன தெரியும் என்ற விஷயம். வார்கிராஃப்டில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் பெயர் மிதக்கிறது. உங்களுக்கு அது தெரியும். உங்கள் எல்ஃபுக்குத் தெரியாது. கண்டதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அங்கேயே எல்லாம் கலைந்துவிடும். பாத்திரத்தின் விவரங்களை மற்றவர்களுக்குக் காட்டும் டோட்டல் ஆர்பி 3 ஆட்-ஆனில் எழுதுபவையும் இப்படித்தான். அதில் "முதல் பார்வையில்" என்று ஐந்து சின்னக் கட்டம் உண்டு. பலர் அதில் "கொலைகாரி", "சபிக்கப்பட்டவள்" என்று நிரப்புகிறார்கள். முதல் பார்வையில் இது எப்படித் தெரியும்? நெற்றியில் ஒட்டியிருக்கிறதா? என் கொத்தனாருக்கு நகக்கண்ணில் சுண்ணாம்பு, இடது கையில் சப்பையான கட்டை விரல், அப்பா காலத்துத் தோல்பை, இந்த மூன்றுதான். மீதி இரண்டு கட்டம் காலி. வரலாறு எழுதும் பக்கமும் காலி. அதைப் படித்துவிட்டு வருபவர் பேச வரமாட்டார், சரிபார்க்க வருவார்.

தெரியாமல் இருப்பதும் ஒரு கலை. லோர் அத்தனையும் மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் தங்கள் பாத்திரத்தையும் கலைக்களஞ்சியம் ஆக்கிவிடுகிறார்கள். ஒரு கொத்தனாருக்கு வடக்கே பனிப்பிரதேசத்தில் லிச் கிங் என்று செத்தவர்களை ஆளும் அரசன் ஒருவன் இருந்தான் என்பது வதந்தியாகத்தான் தெரியும். அதையும் தப்பாகச் சொல்வாள். யாராவது திருத்துவார்கள், அங்கே ஒரு பேச்சு பிறக்கும். விளையாட்டு நமக்குத் தரும் பணிகளான குவெஸ்ட்டுகள் ஒவ்வொருவரையும் உலகைக் காப்பாற்றிய ஒரே வீரன் என்று புகழ்கின்றன. அதை அப்படியே நம்பிக்கொண்டு வந்தால் ஒரே விடுதியில் லிச் கிங்கைக் கொன்ற பதினேழு பேர் பக்கத்தில் பக்கத்தில் பீர் குடிக்க வேண்டியிருக்கும். ரோல்பிளேயில் குவெஸ்ட் கதையை வெளியே கழற்றி வைத்துவிட்டு வருவதுதான் வழக்கம்.

உணர்ச்சி விஷயத்தில் எனக்குக் கைகொடுத்தது நம்ம வீட்டுச் சரக்கு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளையும் சொல்லி, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நான்கு நான்காகப் பட்டியல் போடுகிறது. அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய், மிருகம், திருடன், மேலே இருக்கும் அதிகாரம். ஃபேன்டஸி உலகத்தில் இந்த நான்கும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன! என் கொத்தனார் நான்கில் எதற்கு அதிகம் பயப்படுவாள் என்று யோசித்தேன். நகராட்சிக் கணக்கர் நோட்டுப் புத்தகத்தோடு தெருமுனையில் வந்தால் போதும், அவளுக்குத் தொண்டை வறளும். டிராகன் வந்தால் எல்லோரோடும் சேர்ந்து ஓடுவாள், அவ்வளவுதான். உங்கள் எல்ஃப் நான்கில் எதற்குப் பயப்படுவாள் என்று முடிவு செய்து பாருங்கள். "எதற்கும் பயப்பட மாட்டாள்" என்பதுதான் பதில் என்றால் தூணில் சாய்ந்து நிற்க இடம் தேடிக்கொள்ளுங்கள், எனக்குப் பக்கத்தில்.

வயது என்பது இனங்களை விளையாடுவதில் எல்லோரும் சறுக்கும் இடம். பத்தாயிரம் வருடம் வாழ்ந்தவள் இருபது வயதுப் பெண்ணைப் போலக் கோபித்துக்கொண்டு கதவை அறைந்துவிட்டுப் போகிறாள். அல்லது வாயைத் திறந்தால் தத்துவமாகக் கொட்டுகிறாள். இரண்டுமே நம்பும்படி இல்லை. பத்தாயிரத்தை மறந்துவிட்டு அவளுக்கு எது புதிது என்று கேளுங்கள். மூன்றாம் போரின் முடிவில், ஹைஜால் மலையில், நார்ட்ராசில் மரத்தின் சக்தியைச் செலவழித்து ஆர்க்கிமாண்ட் என்ற அரக்கனை அழித்ததோடு நைட் எல்ஃப்களின் சாகாவரம் போய்விட்டது. அதுவரை மூப்பே இல்லை. இப்போது ஒரு நாள் காலையில் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. இது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை, எழுபது வயது மனிதக் கிழவியிடம் போய்க் கூச்சத்தோடு கேட்கிறாள்: "இது தானாகச் சரியாகிவிடுமா?" அந்தக் கிழவியை விளையாடுபவருக்கு அன்றைக்குத் தீபாவளி. அன்டெட், அதாவது செத்து எழுந்து நடமாடும் பாத்திரத்துக்கும் இந்த வழி பொருந்தும்: செத்துப்போன நாக்குக்கு ருசி மங்கிவிட்டது, ஆனாலும் பழக்கதோஷத்தில் சூப் வாங்கி ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

இப்போது பேச்சு. இங்கிலீஷில் விளையாடும்போது பழங்கால நடை வேண்டும் என்று சிலர் ஷேக்ஸ்பியர் காலத்து 'தௌ', 'தீ' என்றெல்லாம் போடுவார்கள். வேண்டவே வேண்டாம். சின்ன வாக்கியம் போதும். உங்கள் பாத்திரம் எந்தச் சொல்லைத் தவிர்க்கும் என்று ஒன்றை மட்டும் முடிவு செய்யுங்கள். என் கொத்தனார் 'ராணி' என்ற சொல்லைச் சொல்ல மாட்டாள். ஒருவர் மட்டும்தான் அதைக் கண்டுபிடித்தார், அதுவும் நான்காம் மாதத்தில்.

டிஸ்கார்டில் நண்பர்களோடு தமிழிலேயே ஃபேன்டஸி ரோல்பிளே செய்வதும் உண்டு. அங்கே வசதியும் அதிகம், ஆபத்தும் அதிகம். இங்கிலீஷில் 'யூ' ஒன்றுதான். தமிழில் வாய் திறக்கும்போதே நீயா, நீரா, நீங்களா, தாங்களா என்று முடிவு செய்தாக வேண்டும். ஒரு தளபதி ஊர்க்காரனை "நீர்" என்கிறான் என்றால் ஒரு தூரம் தெரிகிறது. அதே தளபதி மூன்று வாரம் கழித்து "நீ" என்றால், அது நெருக்கமா அவமதிப்பா என்று எதிராளி தலையைப் பிய்த்துக்கொள்வார். ஒரே ஓர் எழுத்தை வைத்து ஒரு மாதக் கதையைத் திருப்பலாம். விடுதிக்காரி எல்லோரையும் "தம்பி" என்று கூப்பிட்டு, ஒருவனை மட்டும் "வாங்க" என்று சொன்னால் அவனுக்கே வயிற்றைக் கலக்கும். ஆபத்து என்னவென்றால் சரித்திரப் படத்து வசனம். வாளைத் தூக்கியதும் எல்லோருக்கும் "ஆகட்டும் மன்னா" வந்துவிடுகிறது. மாடு மேய்ப்பவனும் மந்திரியும் ஒரே தொண்டையில் பேசுகிறார்கள். மாடு மேய்ப்பவன் மாடு மேய்ப்பவன் மாதிரியே பேசட்டும். மந்திரியும் வீட்டில் மனைவியிடம் "சாப்பாடு ஆச்சா?" என்றுதானே கேட்பார்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நன்றாக விளையாட ஆரம்பித்ததும் பாத்திரத்தின் கோபமும் பிரியமும் உங்களுக்குள் கசியும். நேரடியாக வேடமிட்டு நடித்து விளையாடும் கூட்டங்களில் இதை ப்ளீட் என்கிறார்கள். என் கொத்தனாரை ஒரு பிரபு பாத்திரம் எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தியபோது, அதை விளையாடியவர் மேலேயே எனக்கு இரண்டு நாள் எரிச்சல். அவர் மிக நன்றாக விளையாடினார் என்பதுதான் விஷயம். மூன்றாம் நாள் இரட்டை அடைப்புக்குறி போட்டு, அதாவது பாத்திரத்துக்கு வெளியே வந்து, "நேத்து அருமையாப் பண்ணீங்க" என்று அனுப்பினேன். எனக்கு வலித்துவிட்டதோ என்று அவரும் பயந்துகொண்டிருந்தாராம். பெரிய காயம், சாவு, காதல், இதையெல்லாம் தொடங்குமுன் வெளியே வந்து ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எதிராளியின் வயது தெரியாதபோது காதல் காட்சிப் பக்கமே போகாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உங்கள் எல்ஃபை அழிக்க வேண்டாம். வில்லாளி என்பது நல்ல தொழில். டிராகன் ரத்தத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். அதனால் மற்றவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. குடும்பம் போனது இருக்கட்டும், ஆனால் மர்மமாக வேண்டாம். 2018-இல் கதை நைட் எல்ஃப்கள் குடியிருந்த டெல்ட்ராசில் என்ற மாபெரும் மரத்தை எரித்தது; தப்பிய எல்ஃப்கள் ஸ்டார்ம்விண்டுக்கு அகதிகளாக வந்தார்கள். அவளும் அவர்களில் ஒருத்தியாக இருக்கட்டும். வில் எரிந்துவிட்டது. புதிதாகச் செய்ய யூ (yew) என்ற மரம் வேண்டும். எல்வின் காட்டில் கிழக்கே ஈஸ்ட்வேல் மரவெட்டி முகாம் இருக்கிறது. மரத்தை வெட்டுகிறவர்களைப் பகையாகப் பார்த்து வளர்ந்தவள், அவர்களிடமே போய் விலை கேட்க வேண்டும். காசும் இல்லை. வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரி மனுஷி, இரண்டு வாரப் பாக்கி. இவ்வளவு போதும், மூன்று பக்கத்தையும் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுங்கள்.

நாளைக்கு பிக் அண்ட் விசிலுக்குப் போய், கோடரி வைத்திருக்கும் பாத்திரம் யாராவது உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போங்கள். இங்கிலீஷ் சின்னதாகவே இருக்கட்டும். இப்படி ஏதாவது:

*கோடரியைப் பார்க்கிறாள். பார்வையை விலக்கிக்கொள்கிறாள். பிறகு எதிரே உட்காருகிறாள்.* "யூ மரம்... எவ்வளவு?"

உங்கள் எல்ஃப்கள் காவல் பார்த்த காடுகளில் யாராவது யூ மரம் வெட்டியதுண்டா என்று கோடரிக்காரர் கேட்டால், கையில் இருக்கும் கோப்பையைக் கீழே வையுங்கள். உடனே பதில் சொல்லாதீர்கள்.